பச்சைன்னா வண்டி போகும்

உங்களது சிவிலா சார், கிரிமினலா? பாகப்பிரிவினையா! அப்ப நல்லா சாஞ்சு உக்காருங்க, அவசரமே இல்ல. அந்தக் கேஸெல்லாம் கூப்பிடறதுக்குள்ள பிரிக்கறதுக்கு வீடு இருக்காது.

என்னுது கிரிமினல். பாத்தா தெரியல இல்ல? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. காலைலருந்து ரெண்டு பேர் என்னை வக்கீல்னு நினைச்சு வணக்கம் வச்சுட்டுப் போயிட்டாங்க. நானும் வச்சேன், எதுக்கு அவங்க மனசக் கெடுக்கணும். என் பேரு தணிகாசலம். டாக்டர் தணிகாசலம். ஊசி போடற டாக்டர் இல்ல, முதல்லயே சொல்லிடறேன். போன தடவை இதே வராண்டாவுல ஒரு அம்மா, டாக்டர்னு சொன்னதும் முழங்கால நீட்டிட்டாங்க.

நான் செயற்கைக்கோள் டாக்டர். அதாவது மேல இருந்து காட்டைப் பாத்து, கீழ வண்டி எங்க போகும், எங்க போகாதுன்னு சொல்ற படிப்பு. சிரிக்காதீங்க சார், ஆறேழு வருஷம் படிச்சேன். இந்த ஜில்லாவுல அதைப் படிச்சவன் நான் ஒருத்தன்தான். பக்கத்து ஜில்லாவுல ஒருத்தர் இருக்காரு, அவரு கடல் பக்கம்.

செயற்கைக்கோள் படத்துல என்ன தெரியும்? மரத்தோட தலை தெரியும். வண்டிக்குத் தலையா சார் முக்கியம்? கால் முக்கியம். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவுல எவ்வளவு சந்து, தண்டு எவ்வளவு தடிமன், வண்டி முட்டினா சாயுமா, இல்ல வண்டி சாயுமா, சரிவு எப்படி, மண்ணு இறுகினதா சேறா. அதனால ட்ரோனை அனுப்பி லேசர் அடிப்போம். இலைச் சந்துல பூந்து தரையத் தொட்டுட்டு அந்த வெளிச்சம் திரும்பி வரும். அதை வச்சு ஒவ்வொரு மரத்தையும் கம்ப்யூட்டர்ல நட்டு வச்சுடுவேன். அப்புறம் ஜீப்போட அகலத்தைக் கொடுத்தா, மேப் மூணு கலர்ல வரும். பச்சைன்னா போகும். சிவப்புன்னா போகாது. மஞ்சள்னா யோசிச்சுப் போகணும். சின்னப் புள்ளைக்குப் புரியும். வனத்துறைக்குப் புரியல.

சேவரிமலை தெரியுமா உங்களுக்கு? கோடை வந்தா எரியும். பாவம் வனத்துறை ஆளுங்க பச்சைத் தழைய ஒடிச்சுக்கிட்டு ஏறிப் போய் அடிச்சு அடிச்சு அணைப்பாங்க. சின்ன ஜீப்புல ஒரு தண்ணி டேங்கை வச்சு உள்ள கொண்டு போக முடிஞ்சா எவ்வளவு நல்லது! அதுக்குத்தான் மேப் போட்டேன். எங்க கம்பெனிக்குத்தான் அந்த வேலை வந்துச்சு. ஒரு மழைக்காலம் பூரா கண்ணு அவிஞ்சு போட்டேன் சார். தண்ணித் தொட்டி வைக்கிற அளவுக்கு ஒரு சின்ன ஜீப், அதுக்கு ஏத்த மேப்.

வெள்ளோட்டத்துக்கு ஒரு நாள் வச்சாங்க. மேலதிகாரி வர்றாரு, பத்திரிகைக்காரங்க வர்றாங்க. ரேஞ்சர் கோதண்டபாணி என்ன செஞ்சாரு தெரியுமா? அதிகாரி சின்ன ஜீப்புல உக்காந்தா மரியாதையா இருக்காதுன்னு பெரிய வண்டியக் கொண்டு வந்துட்டாரு. முன்னாடி இரும்புக் கம்பி, ரெண்டு பக்கமும் ஏறறதுக்குப் படி, மேல கேரியர். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு. "சார், மேப் சின்ன வண்டிக்குப் போட்டது"ன்னேன். அவரு சொல்றாரு, "பச்சைன்னா போகலாம்னு தானே அர்த்தம்? சிக்னல்ல பச்சை விழுந்தா லாரி போகலியா?"

இதுக்கு என்ன பதில் சொல்வீங்க? நீங்க சொல்லுங்க.

உள்ள போனாங்க. ரெண்டு மரத்துக்கு நடுவுல வண்டி போய் ஆப்பு மாதிரி இறுகிக்கிச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. கதவும் திறக்கல. அதிகாரி பின்கண்ணாடி வழியா இறங்கினாரு. கால் முதல்ல வந்துச்சு, அப்புறம் தொப்பி வந்துச்சு, மீதி வர ரொம்ப நேரமாச்சு. மரத்து மேல குரங்குங்க குடும்பத்தோட உக்காந்து பாத்துச்சுங்க. போட்டோ பேப்பர்ல வந்துச்சு.

ரேஞ்சர் அங்கயே நின்னு பேட்டி கொடுத்தாரு. "இந்தக் காட்டுக்குள்ள ஜீப் இல்ல, சைக்கிள் கூடப் போகாது. இது மேப் இல்ல, கலர் அடிச்ச பேப்பர்." எங்க கம்பெனியில என்னைக் கூப்பிட்டு இனிமே ஏரி குளம் மட்டும் பாருங்கன்னுட்டாங்க. ஏரிக்குள்ள எந்த வண்டியும் போகாதே, பிரச்சனை இல்ல.

என் மேப்பை என்ன பண்ணாங்கன்னு கேளுங்க. பொருட்காட்சியில வனத்துறை அரங்கு போடுவாங்க இல்ல? அங்க பிளாஸ்டிக் யானைக்கும் தேன் பெட்டிக்கும் நடுவுல மாட்டிட்டாங்க, கலரா இருக்கேன்னு. ஜனங்க யானையோட போட்டோ எடுக்கறப்ப என் மேப் பாதி விழும். ஆனா கீழ மூலையில என் பேரையும் போன் நம்பரையும் நானே பெருசா அச்சடிச்சு வச்சிருந்தேன். ஆராய்ச்சின்னா யாராவது சந்தேகம் கேப்பாங்க, பதில் சொல்லணும்.

கேட்டான் சார், ஒருத்தன் கேட்டான்.

சாயங்காலம் ஒரு போன். "சார், பொருட்காட்சியில உங்க மேப் பாத்தேன். மஞ்சள் கலர்ல இருக்கற இடம், மழை விட்டு மண்ணு காஞ்சா பச்சையாகுமா?" என் ஆராய்ச்சி கைடு கூடக் கேக்காத கேள்வி சார் அது! நீ யாருப்பான்னேன். பேரு முகுந்தன்னான். காலேஜ்ல படிக்கறேன்னான். எந்தக் காலேஜ்னு கேக்கணும்னு எனக்குத் தோணல. கேள்விதானே முக்கியம்.

அன்னிலருந்து ஒரு கோடை பூரா போன் பண்ணான். சரிவுல குறுக்கால போனா வண்டி எப்ப உருளும், ஓடைக்கல்லு மேல எந்த கியர்ல ஏறணும், கை தடிமன் மரத்தை ஜீப் முட்டிச் சாய்ச்சா கீழ உள்ள வேர் டயரக் கிழிக்குமா. நான் சொல்லுவேன், ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டு "சார், நீங்க சொன்னது கரெக்ட்"ங்கறான். "எப்படிப்பா கரெக்ட்டுங்கற?"ன்னா, "மனசுலயே ஓட்டிப் பாத்தேன் சார்"ங்கறான். என்ன கற்பனை பாருங்க! ஒரு தடவை, "சார், வடக்குச் சரிவுல பச்சைன்னு போட்ட இடத்துல ஒரு பாறை மேல புல்லு மூடிக்கிடக்கு, அதை சிவப்பாக்கிடுங்க"ன்னான். நானும் லேசர் கணக்கைத் திரும்பப் பாத்தேன், ஆமா, இருக்கு. திருத்தி அவனுக்கு அனுப்பினேன்.

என் வீட்டுக்காரி தமயந்தி காய் நறுக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பா. ஒரு நாள் சொல்றா, "போகும்போது காலி வண்டி, வரும்போது பாரம்னு கேக்கறானே. அது என்ன படிப்பு? தண்ணி டேங்க்னா போகும்போது தானே பாரம் இருக்கும்?" அவ பி.காம். சார். இதெல்லாம் அவளுக்கு எப்படி விளக்கறது? கணக்குல ரெண்டு பக்கமும் பாக்கறது நல்ல மாணவனோட லட்சணம்னேன். "ஆமா, லட்சணம்தான்"னு சொல்லிட்டு வெண்டைக்காயப் பாத்தா.

அந்தக் கோடை முடியறப்ப சேவரிமலை உச்சியில சந்தன மரமே இல்ல. சுத்தமா இல்ல. அடியோட அறுத்துக் கொண்டு போயிட்டாங்க. எந்த வண்டியும் ஏற முடியாத இடம்னு அங்க காவலே போடல, அதுவும் ரேஞ்சரே சொன்னதுதானே. கடைசி லோடு ரோட்டுல ஏறி, டயர் பஞ்சராகி நின்னப்ப பிடிச்சாங்க. நல்லா கவனிங்க சார், பஞ்சரானது நெடுஞ்சாலையில! காட்டுக்குள்ள ஒரு கீறல் இல்ல!

ஓட்டினவன் பேரு பூங்காவனம். சந்தன மரம் வெட்டறவனுக்குப் பேரப் பாருங்க. போனை ஏதோ கிணத்துல வீசிட்டான். கட்டைய யாரோ ரோட்டோரம் போட்டு வச்சிருந்தாங்க, நான் வாடகைக்கு ஏத்தினேன்னு சாதிச்சான். அவன் வக்கீல் லேசுப்பட்டவரு இல்ல. ரேஞ்சரைக் கூண்டுல ஏத்தி அந்தப் பழைய பேட்டிய வாசிச்சாரு. "சைக்கிள் கூடப் போகாதுன்னு சொன்னது நீங்கதானே? அப்ப என் கட்சிக்காரர் ஜீப்பைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாரா?" கோர்ட்டே சிரிச்சுதாம்.

அப்பத்தான் வனத்துறைக்கு என் ஞாபகம் வந்துச்சு. கோதண்டபாணியே வீட்டுக்கு வந்தாரு. ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு. "டாக்டர் சார், உங்க மேப் ரொம்ப சரியான மேப்"ங்கறாரு. "கலர் அடிச்ச பேப்பராச்சே?"ன்னேன். "அன்னிக்கு வெயில் சார்"ங்கறாரு. சாட்சி சொல்ல வர்றேன்னுட்டேன். ஆப்பிளுக்காக இல்ல சார். அறிவியலுக்காக.

கூண்டுல ஏறினேன். மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. ரொம்பக் கவனமா கேட்டாங்க. நான் லேசரைப் பத்தி, தண்டு இடைவெளியப் பத்தி, ஆரம்பத்துலருந்து சொன்னேன். அரசு வக்கீலே போதும்னு கை காட்டினாரு, நான் நிறுத்தல. அப்புறம் எதிர் வக்கீல் எழுந்தாரு. மேப்பை விரிச்சுக் கையில வச்சுக்கிட்டு, "இந்த வழியில பாதி மஞ்சளா இருக்கே டாக்டர். மஞ்சள்னா போக முடியாதுன்னு தானே அர்த்தம்?"னாரு. நான் வாயத் திறக்கறதுக்குள்ள, பின்னால குற்றவாளிக் கூண்டுலருந்து ஒரு குரல்.

"காஞ்சா போகலாம்."

அந்தக் குரல் சார்! ஒரு கோடை பூரா காதுல கேட்ட குரல். திரும்பிப் பாத்தேன். ஒல்லியா, கட்டம் போட்ட சட்டையோட ஒருத்தன் நாக்கைக் கடிச்சுக்கிட்டு நிக்கறான். "டேய், முகுந்தா! நீயா!"ன்னு கத்திட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். முகத்தையே பாத்ததில்ல இல்ல? மாஜிஸ்திரேட் அம்மா, "இவரை உங்களுக்குத் தெரியுமா?"ன்னாங்க. "தெரியுமாவா? நான்தாம்மா சொல்லிக் கொடுத்தேன். என்கிட்ட படிச்சவங்கள்லயே இவன்தான் முதல்"னேன்.

கோதண்டபாணி தலைல கை வச்சுக்கிட்டாரு.

அப்படித்தான் சார் நான் கிரிமினலானேன். சாட்சிக் கூண்டுக்கும் குற்றவாளிக் கூண்டுக்கும் நடுவுல ஒரு மேசை தான். கம்பெனியில வேலைய நிறுத்தி வச்சாங்க. தமயந்தி ஒரு வாரம் பேசல, அப்புறம் "வெண்டைக்காய் வாங்கிட்டு வாங்க"ன்னா. அதுலயே எல்லாத்தையும் சொல்லிட்டா.

எதிர் வக்கீல் விடல. குரல வச்சு ஆளைச் சொல்றதெல்லாம் சாட்சியமே இல்லன்னாரு. மேப்பே கற்பனைன்னாரு. அந்த வழியில ஜீப் போகுமான்னு கோர்ட்டே நேர்ல வந்து பாக்கட்டும்னு மனு போட்டாரு. அம்மாவும் சரின்னுட்டாங்க.

போனோம். மாஜிஸ்திரேட் அம்மா, கிளார்க், வக்கீலுங்க, ரேஞ்சர், போலீஸ், கை விலங்கோட பூங்காவனம், ஓரமா நான். அவனோட ஜீப்பையே கொண்டு வந்திருந்தாங்க. ஓட்டறதுக்கு வனத்துறை டிரைவர் சம்பங்கி. நல்ல மனுஷன், ஆனா தார் ரோட்டு டிரைவர். ஓடை வரைக்கும் எப்படியோ கொண்டு போயிட்டாரு. நாங்கல்லாம் பின்னாலயே நடந்து போனோம். ஓடையத் தாண்டி ஒரு ஏத்தம். சக்கரம் சுத்துது, கல்லு தெறிக்குது, புகை வருது, வண்டி ஒரு முழம் ஏறி ரெண்டு முழம் இறங்குது. மறுபடி. மறுபடி. சம்பங்கி எஞ்சினை நிறுத்திட்டு இறங்கி வந்து, "போகாதும்மா"ன்னுட்டாரு.

எதிர் வக்கீல் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "யுவர் ஆனர் கண்ணாலயே பாத்துட்டீங்க. இந்த மேப் தப்பு." அம்மாவும் கிளார்க்கைப் பாத்து, "எழுதிக்கங்க. வரைபடத்தில் பச்சை நிறம் காட்டிய இடத்தில்"னு ஆரம்பிச்சாங்க.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல சார். நான் வாயத் திறக்கக் கூடாதுன்னு என் வக்கீல் சத்தியம் வாங்கியிருந்தாரு. மேப் தப்புன்னு எழுதிட்டா எனக்கு லாபம் தான், அது தெரியும். வழியே இல்லன்னா கேஸே இல்ல, அவனும் வீட்டுக்குப் போவான், நானும் போவேன். ஆனா தப்பு இல்லையே! கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தூசி வேற.

"அம்மா, எழுதாதீங்க"ன்னு ஒரு குரல். பூங்காவனம். "வண்டி போகும். மேப் சரியாத்தான் இருக்கு. இவரு ஓட்டறதுதான் தப்பு. வண்டியப் பின்னால முழுசா இறக்கி, தாழ்ந்த கியர்ல போட்டு, வேகமே கொடுக்காம, இடது பக்க வேரு மேல சக்கரத்த ஏத்தணும்."

அவன் வக்கீல் பாய்ஞ்சு போய் அவன் வாயப் பொத்தறாரு. அவன் தலையத் திருப்பிக்கிட்டு, "விடுங்க சார், சொல்லிடறேன்"ங்கறான். அம்மா நிதானமா கேட்டாங்க, "நீ பேசறது உனக்கு எதிரா போகும். தெரியுமா?" "தெரியும்மா." "ஓட்டிக் காட்டறியா?" "விலங்கக் கழட்டினா ஓட்டலாம்மா."

பக்கத்துல ஒரு போலீஸ்காரர், பின்னால ரெண்டு பேர். ஏத்தினான் சார். ஒரு கல்லு தெறிக்கல. பூனை மதில்ல ஏறற மாதிரி ஏறிச்சு வண்டி. மேல போய், மரத்துக்கு மரம் வளைஞ்சு, உச்சி வரைக்கும் போய், அறுத்த அடிக்கட்டைங்க நடுவுல கொண்டு போய் நிறுத்தினான். நான் ஓடிக்கிட்டே பின்னால போனேன். என் வழி சார் அது! ஒரு அடி விலகல! கை தட்டிட்டேன். ஒரு போலீஸ்காரர் என் கையப் பிடிச்சுக்கிட்டாரு.

அம்மா நடந்து மேல வந்து அந்த அடிக்கட்டைங்களையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. ஒரு காடே மொட்டையா கிடக்கு. நிறைய மரம் சார். நான் அன்னிக்குத்தான் நேர்ல பாத்தேன். கம்ப்யூட்டர்ல அதெல்லாம் புள்ளிதான். அப்புறம் அவனைக் கேட்டாங்க, "இந்த டாக்டர் உனக்கு உடந்தையா?"

அங்கதான் சார் அவன் அந்த வார்த்தையச் சொன்னான். என்னைப் பாக்காம சொன்னான். "இல்லம்மா. நான் காலேஜ் பையன்னு பொய் சொன்னேன், நம்பிட்டாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. பாவம், ஒண்ணுமே தெரியாது."

கிளார்க் எழுதிக்கிட்டாரு. அவனுக்கு ஜெயில். என்னை விடுவிச்சுட்டாங்க. மறுநாள் பேப்பர்ல கட்டம் கட்டிப் போட்டிருக்கான்: "டாக்டருக்கு ஒன்றும் தெரியாது: கோர்ட்டில் தகவல்". தீர்ப்புலயும் அப்படியே இருக்கு, "ஒன்றும் அறியாதவர்"னு. படிச்சவன் சார் நான்! கோதண்டபாணி அதை ஆபீஸ்ல ஒட்டி வச்சிருக்காராம். கம்பெனியில திரும்ப எடுத்துக்கிட்டாங்க, ஆனா வாட்ச்மேன் கூட ஒரு மாதிரி கதவு திறக்கறான்.

அதான் மனு போட்டிருக்கேன். அந்த வரியத் தீர்ப்புலருந்து எடுக்கணும்னு. என் வக்கீல் கால்ல விழாத குறை. "சார், அந்த ஒரு வரிதான் உங்கள வீட்டுக்கு அனுப்புச்சு. அதை எடுத்தா உங்களுக்குத் தெரியும்னு ஆகிடும். தெரியும்னா நீங்களும் உள்ள போகணும்"ங்கறாரு. போகட்டுமே! மரியாதைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

போன வாரம் ஜெயிலுக்குப் போய் அவனையே கேட்டுட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிக்கறான். "ஒண்ணும் தெரியாதுன்னு எப்படிடா சொன்ன? என் திட்டம் அவருக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"ன்னேன். "சொல்லியிருக்கலாம் சார். அப்ப உங்களக் கூப்பிட்டு, வரும்போது பாரம்னு கேட்டானே, என்ன பாரம்னு நினைச்சீங்கன்னு கேப்பாங்க. நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"ன்னான். "உண்மையச் சொல்லியிருப்பேன்." "அதான் சார் பயம்"ங்கறான்.

கோபமா வந்துச்சு. "சரி, அதை விடு. அன்னிக்கு நீ எதுக்குடா வாயத் திறந்த? பேசாம இருந்தா வெளிய வந்திருப்பியே. அறிவியல் மேல அவ்வளவு பற்றா?"ன்னேன். கம்பியப் பிடிச்சுக்கிட்டான். அப்புறம் சொல்றான், "கோர்ட்டுல என்னைப் பாத்து, நீயான்னு கத்தினீங்களே சார். மூஞ்சி பூரா சந்தோஷமா. நான் வந்ததுக்கு அப்படி யாரும் சந்தோஷப்பட்டதில்ல சார். எங்கம்மா கூட, வந்துட்டியான்னுதான் கேக்கும்."

ஓடை ஏத்தத்துல ரெண்டாவது வளைவுல கியரைக் கொஞ்சம் சீக்கிரமா மாத்திட்டன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆமா சார்னான்.

கூப்பிடறாங்களா? ஆமா, என் பேருதான். நீங்க எதுக்கு எழுந்திருக்கறீங்க, உக்காருங்க. பேரு கூப்பிடற அந்த டவாலிக்கு நல்ல தொண்டை. ரோடு வரைக்கும் கேக்கும். இது ரெண்டாவது. மூணு தடவை கூப்பிடுவாங்க, அப்பவும் மனு போட்டவன் போய் நிக்கலைன்னா தள்ளுபடி, அந்த வரி தீர்ப்புல அப்படியே நின்னுடும். என் வக்கீல் என்னைப் பாத்துட்டாரு. பாத்துட்டு, பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு பாருங்க. நல்ல மனுஷன்.

உங்க கையில இருக்கற பேப்பரைக் கொஞ்சம் இப்படி விரிச்சுப் பிடிங்க சார். என்னை மறைக்கற மாதிரி. அவ்வளவுதான்.

மூணாவது.

இல்ல சார், காது நல்லாத்தான் கேக்குது.